கேட்டு வாங்கின பழக்கமும் படிச்சு வாங்குற ஊரும்

2018 மார்ச் 29, வியாழக்கிழமை ராத்திரி. ஜெர்மனியில மியூனிக்ல வந்து இறங்கி ரூமுக்கு வந்து சேர்றப்போ மணி எட்டே முக்கால். பெட்டியில ரெண்டு பாக்கெட் புளியோதரைப் பொடி, கொஞ்சம் ஊறுகாய், வழியில சாப்பிட்டது போக மிஞ்சின நாலு சப்பாத்தி, அவ்ளோதான். காலைல எழுந்து கீழ இருக்குற சூப்பர்மார்க்கெட்டுல அரிசி, பால், காய் எல்லாம் வாங்கிக்கலாம்னு நானும் வீட்டுக்காரரும் படுத்துட்டோம்.

காலைல போனா கதவு சாத்தியிருக்கு. பெரிய வெள்ளி. சரி லீவு நாள்தானேன்னு திரும்பி வந்து சப்பாத்திய ஊறுகாயோட முடிச்சோம். சனிக்கிழமை திறந்திருந்துச்சு, போய் கையில தூக்க முடிஞ்ச அளவுக்கு பால், பிரெட், வெங்காயம், ஆறு முட்டைன்னு வாங்கிட்டு வந்தோம், மீதிய திங்கக்கிழமை நிதானமா பாத்துக்கலாம்னு நெனச்சு. ஞாயிறு கடை இருக்காதுன்னு ஆபீஸ்ல முன்னாடியே சொல்லியிருந்தாங்க. ஆனா ஈஸ்டருக்கு மறுநாள் திங்கக்கிழமையும் நாடு முழுக்க லீவுன்னு யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல. திங்கள் மத்தியானம் வீட்டுல இருந்தது அரை வெங்காயமும் ரெண்டு ஸ்லைஸ் பிரெட்டும். மாடிப்படியில பாத்த பக்கத்து வீட்டுப் பாட்டிதான், ஹவுப்ட்பான்ஹோஃப் போங்க, ரயில்வே ஸ்டேஷன்ல இருக்குற கடை மட்டும் திறந்திருக்கும்னு கையக் காட்டிச் சொன்னாங்க. போனா ஊரே அங்கதான் நிக்குது, கேஷ் கவுண்டர் லைன் வாசல் வரைக்கும் இருந்துச்சு.

அன்னைக்கு வந்த கோவத்துல என்ன ஊருடா இதுன்னு இருந்துச்சு. அப்புறம் தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சுது இது கடைக்காரங்க இஷ்டம் இல்ல, அரசியல் சாசனத்துலயே இருக்குன்னு. 1919ல எழுதின, வைமார் சாசனம்னு சொல்ற ஜெர்மனியோட பழைய சாசனத்துல 139வது பிரிவு ஞாயித்துக்கிழமைய உழைப்புக்கு ஓய்வு நாள்னு சொல்லுது, 1949ல புது சாசனம் எழுதினப்போ 140வது பிரிவு வழியா அத அப்படியே உள்ள சேத்துக்கிட்டாங்க. வார நாள்ல கடை எத்தன மணிக்கு மூடணும்ங்கறத முடிவு பண்ற அதிகாரம் 2006ல மாநிலங்களுக்குப் போச்சு, பெர்லின்ல வார நாள்ல 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம், பவேரியாவுல ராத்திரி 8 மணியோட சரி. நாங்க வந்து இறங்குனது பவேரியா. இப்போ அந்தக் கோவம் எனக்கு இல்ல. நாள் முழுக்க ஸ்கேன் பண்ணிட்டு உக்காந்திருக்குற அந்த அக்காவுக்கும் ஞாயித்துக்கிழமை அவங்க பிள்ளைங்களோடதானே, அதுக்காக நான் சனிக்கிழமையே லிஸ்ட் போட்டு வாங்கிக்கிறது பெரிய விஷயமே இல்ல.

நான் சொல்ல வந்தது கடை நேரத்தப் பத்தி இல்ல. நாங்க வளர்ந்ததெல்லாம் கேட்டு வாங்குற பழக்கத்துல. அண்ணாச்சி கடையில போய் நின்னு, அண்ணாச்சி இட்லிக்கு எந்த அரிசி இப்ப நல்லா வருதுன்னு கேட்டா போதும், இத எடுத்துட்டுப் போம்மா, போன வாரம் வந்த மூட்டை பழசு, வேண்டாம்னு அவரே சொல்லிடுவாரு. எது புதுசு எது பழசு, எது நம்ம வீட்டுக்கு ஒத்து வரும், எல்லாமே அவர் வாயில இருக்கும். இங்க சூப்பர்மார்க்கெட்டுல அப்படிச் சொல்ல ஆள் இல்ல. ஆனா அண்ணாச்சி சொல்றது அத்தனையும் எங்கயோ எழுதி ஒட்டியிருக்கு. படிக்கத் தெரியணும், அதுவும் ஜெர்மன்ல, அதுவும் பொடி எழுத்துல. இது புரிய எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுக்குள்ள நிறைய பொருள் வீணாப் போச்சு, அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

மாவுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா என்னைய ரொம்ப அழ வச்சது அதுதான். முதல் வாரம் கோதுமை மாவு வேணும்னு போய் வைட்சென்மேல்னு போட்டிருந்த ஒரு கிலோ பாக்கெட்ட எடுத்துட்டு வந்தேன். வைட்சென்னா கோதுமை, மேல்னா மாவு, டிக்‌ஷனரி பாத்து தெளிவாத்தான் எடுத்தேன். பெசஞ்சா கைய விட்டுப் போகவே மாட்டேங்குது, இழுத்தா ரப்பர் மாதிரி திரும்பிச் சுருங்குது, சுட்டு எடுத்தா பத்து நிமிஷத்துல அப்பளம். மூணு நாள் மூணு விதமா தண்ணி மாத்திப் பாத்தேன். என் கைப்பக்குவமே போயிடுச்சோன்னு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுப் பொலம்பினேன். அம்மா பாத்த உடனே, அடியே மாவு ஏன் இவ்ளோ வெள்ளையா இருக்கு, இது மைதாடின்னாங்க. பாக்கெட்ட திருப்பிப் பாத்தா டைப் 405ன்னு போட்டிருக்கு.

அந்த நம்பர்ல ஒரு கணக்கு இருக்கு. 100 கிராம் மாவ எரிச்சா கடைசியில மிஞ்சுற சாம்பல் ஏறக்குறைய எத்தன மில்லிகிராம்ங்கறதுதான் அந்த டைப் நம்பர். சாம்பல்னா தாதுச்சத்து, அது கோதுமையோட தோல்ல தான் அதிகம், அதனால நம்பர் ஏற ஏற தவிடு அதிகம், நிறம் கொஞ்சம் மங்கல், நம்பர் குறையக் குறைய வெள்ளை. 405 நம்ம மைதாவுக்குப் பக்கம், பரோட்டாவுக்கும் கேக்குக்கும் அருமையா வரும். 550ம் வெள்ளை தான், பன்னு, பூரிக்கு ஓகே. 1050 கொஞ்சம் பழுப்பா இருக்கும். முழு கோதுமைக்கு நம்பரே கிடையாது, ஃபோல்கோர்ன்னு மட்டும் போட்டிருக்கும், அது நம்ம ஆட்டாவ விட கரடுமுரடா இருக்கும், தனியாப் போட்டா சப்பாத்தி ஓரத்துல விண்டுக்கும். நான் ரொம்ப நாளா பண்றது என்னன்னா ஃபோல்கோர்ன் ஒரு பங்கு, 1050 ஒரு பங்கு, வெதுவெதுப்பான தண்ணி ஊத்திப் பெசஞ்சு அரை மணி நேரம் மூடி வைக்கிறது. இந்தியன் கடைக்குப் போய் ஆட்டா வாங்க நேரமில்லாத வாரத்துல இதுதான் எங்க வீட்டு சப்பாத்தி. பக்கத்துலயே ரோகென்மேல்னு கம்பு நிறத்துல ஒண்ணு இருக்கும், அது ரை மாவு, அதுல சப்பாத்தி பெசய ஆரம்பிச்சா கையெல்லாம் பசையாத்தான் ஆகும், எடுத்துடாதீங்க.

முட்டையிலயும் இதே கதைதான். முட்டை மேல சிவப்பு மையில ஒரு நம்பர் குத்தியிருக்கும், நான் முதல்ல அது ஏதோ தொழிற்சாலை நம்பர்னு விட்டுட்டேன். முதல் எண்ணுதான் அந்தக் கோழி எப்படி வளந்துச்சுங்கறது. 0ன்னா ஆர்கானிக், 1ன்னா வெளிய மேய விட்டது, 2ன்னா கொட்டகைக்குள்ள தரையில வளந்தது, 3ன்னா கூண்டு. அடுத்த ரெண்டு எழுத்து நாடு, ஜெர்மனிக்கு டிஇ. அதுக்கு அடுத்த ரெண்டு எண்ணு மாநிலம். மியூனிக்ல இருந்தவரைக்கும் பாத்துப் பாத்து 09 வாங்குவேன், அது பவேரியா, இப்போ நாங்க டோர்ட்முண்ட் வந்துட்டோம், இங்க 05. பக்கத்துப் பண்ணையோட முட்டையா இல்ல தூரத்துல இருந்து லாரியில வந்ததான்னு யாரையும் கேக்காம எனக்கே தெரியுதுல்ல, அது எனக்குப் பிடிச்சிருக்கு. முட்டைய ஃப்ரிட்ஜ்ல வைக்காம சும்மா ரேக்ல அடுக்கியிருக்காங்களேன்னு பயப்பட வேண்டாம், ஐரோப்பாவுல கடைக்கு வர்ற முட்டைய கழுவுறது இல்ல, ஓட்டு மேல இருக்குற மெல்லிசு படலம் அப்படியே இருக்குறதால வெளியவே தாங்கும்.

விலைச் சீட்டப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். ரேக்ல பெருசா போட்டிருக்குற விலைக்குக் கீழ குட்டியா இன்னொரு விலை இருக்கும், க்ருண்ட்ப்ரைஸ், ஒரு கிலோவுக்கு இல்ல ஒரு லிட்டருக்கு எவ்ளோன்னு. உதாரணத்துக்கு 500 கிராம் பருப்பு 1.79 யூரோன்னு இருக்கும், பக்கத்துல 900 கிராம் 2.49ன்னு இருக்கும், கண்ணுக்கு முதல்ல இருக்குறதுதான் மலிவுன்னு தோணும், கீழ பாத்தா கிலோ 3.58, கிலோ 2.77. முன்னாடி சின்ன பாக்கெட்டுக்கு 100 கிராம் விலை போட்டா போதும்னு இருந்துச்சு, 2022 மே 28ல இருந்து கிலோ, லிட்டர் கணக்குலதான் போடணும்னு ஆக்கிட்டாங்க. அதனால இப்போ நேரா ஒப்பிடலாம். பெரிய எழுத்த விட்டுட்டு குட்டி எழுத்த மட்டும் பாருங்க. ஆனா காய்கறி ஏரியாவுல ஒரு குழப்பம் இருக்கு, தக்காளி, வெங்காயம் கிலோவுக்கு, வெள்ளரிக்காயும் நூல்கோலும் ஒண்ணு இத்தனைன்னு, அங்க ஷ்டுக்னு எழுதியிருக்கும், அப்படின்னா பீஸ் கணக்கு, அப்போ இருக்குறதுலயே பெருசா பாத்து எடுத்துக்கலாம். இங்க நூல்கோல் கோல்ராபிங்கற பேருல எல்லாக் கடையிலயும் இலையோட கிடைக்கும், இலைய வீசிடாதீங்க, பொரியல் பண்ணலாம். நீட்டு வெள்ளை முள்ளங்கி பேரு ரெட்டிஷ், பவேரியாக்காரங்க ராடின்னு சொல்லி உப்பு போட்டு பச்சையா சாப்பிடுவாங்க, நாங்க சாம்பார்ல போட்டோம்.

காய சில கடையில நாமளே எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டணும், சில கடையில கவுண்டர்லயே போடுவாங்க. இந்த வித்தியாசம் தெரியாம ஒரு கடையில நான் எடை போடாத கத்தரிக்கா, மிளகா எல்லாத்தையும் கொண்டு போய் பெல்ட்ல வச்சுட்டேன், பின்னாடி ஏழெட்டு பேர் நிக்கிறாங்க, அந்தம்மா என்னமோ வேகமா சொல்லி கையை நீட்டி உள்ள காட்டுறாங்க, எனக்கு ஒரு வார்த்தை புரியல. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. பின்னாடி நின்ன ஒரு சின்னப் பையன், பதினாறு பதினேழு வயசு இருக்கும், என் கையில இருந்து பைய வாங்கிட்டு ஓடிப் போய் எடை போட்டு ஒட்டி எடுத்துட்டு வந்து குடுத்தான். அவன் முகம் இப்பவும் ஞாபகம் இருக்கு.

கவுண்டர்னாலே ஆரம்பத்துல நெஞ்சு படபடக்கும். கேஷ்ல இருக்குறவங்க இங்க உக்காந்து தான் வேலை பாப்பாங்க, அது நல்ல விஷயம், நாள் முழுக்க நிக்க வச்சு வேலை வாங்குறது எனக்கு எப்பவுமே பிடிக்காது. ஆனா கை வேகம் இருக்கே, பொருள் சர்ர்னு வந்து விழும், பையில போட்டுத் தர ஆள் கிடையாது, நாமதான் அள்ளிக்கணும், பணமும் குடுக்கணும், அடுத்தவங்க பொருள் வேற வர ஆரம்பிச்சுடும். இதுக்கு எனக்கு வழி சொல்லிக் குடுத்தது கூட வேலை பாக்குற பொண்ணு. பெல்ட்ல வைக்கிறப்பவே பைக்குள்ள போகுற வரிசையில வை, பால், எண்ணெய், மாவு முன்னாடி, தக்காளி, பிரெட், முட்டை கடைசி. வர்றத எல்லாம் தள்ளுவண்டிக்குள்ளயே திருப்பிப் போட்டுட்டு, காச குடுத்துட்டு, ஜன்னலோரம் நீளமா ஒரு திட்டு வச்சிருப்பாங்க அங்க போய் நிதானமா அடுக்கு. அவ்ளோதான். நம்ம சாமானுக்கும் அடுத்தவங்க சாமானுக்கும் நடுவுல ஒரு முக்கோணக் கட்டை வைக்கணும், அத வச்சா பின்னாடி இருக்குறவங்க டாங்கே, அதாவது நன்றின்னு சொல்லுவாங்க, அந்த லைன்ல நடக்குற ஒரே பேச்சு பெரும்பாலும் அதுதான். பை வீட்டுல இருந்தே கொண்டு போயிடுங்க, 2022ல இருந்து கவுண்டர்ல சாதா பிளாஸ்டிக் கேரி பேக் தடை. தள்ளுவண்டிக்கு ஒரு யூரோ காசும் பர்ஸ்ல எப்பவும் இருக்கட்டும்.

பால், தயிர், வெண்ணெய் விஷயத்துல நாம இங்க குடுத்து வச்சவங்கன்னு தான் சொல்லணும். பால் ரெண்டு வகை, ஃப்ரிட்ஜ்ல இருக்குறது ஃப்ரிஷ்மில்ஷ், வெளிய அடுக்கியிருக்குறது ஹா-மில்ஷ், அது திறக்குற வரைக்கும் மாசக்கணக்குல தாங்கும். எதுவா இருந்தாலும் ஏற்கனவே சூடு பண்ணித்தான் வருது, காய்ச்சணும்னு கட்டாயம் இல்ல, நான் பழக்க தோஷத்துல காய்ச்சுறேன். தயிருக்கு 3.5 சதவீத நாட்டூர்யோகுர்ட் ஒரு ஸ்பூன் எடுத்து உறை ஊத்தினா அருமையா தோயும். ஆனா வெண்ணெயிலதான் விஷயமே இருக்கு. கால் கிலோ கட்டியா விக்கிற வெண்ணெயில ஒண்ணு ஸூஸ்ராம், அதாவது புளிக்காத பாலாடையில எடுத்தது, இன்னொண்ணு ஸாவர்ராம், புளிக்க வச்ச பாலாடையில எடுத்தது. நாலஞ்சு மாசம் நான் முதல் வகையில நெய் காய்ச்சி, மணமே இல்லையேன்னு நொந்து போயிருந்தேன். ஒரு நாள் கை மாறி ஸாவர்ராம் எடுத்துட்டு வந்துட்டேன். அடுப்புல வச்சா வெண்ணெய் உருகி, நுரை பொங்கி, பட பட படன்னு சத்தம் வருதுல்ல, அந்த சத்தம் மெல்ல அடங்கி, அடியில கசடு பொன்னிறமாகி வர்றப்போ ஹால்ல லேப்டாப் வச்சு உக்காந்திருந்தவரு எழுந்து கிச்சனுக்கு வந்துட்டாரு. ஊர்ல இருந்து யாராவது நெய் கொண்டு வந்தாங்களான்னு கேட்டாரு. ரெண்டு முருங்கை இலை போட்டு இறக்கியிருந்தா அம்மா காய்ச்சினதேதான். நம்ம வீட்டுல தயிரக் கடைஞ்சு எடுக்குற வெண்ணெயும் புளிச்சதுதானே, அந்த மணம் அங்க இருந்துதான் வருதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது. இத்தனைக்கும் அந்த வார்த்தை பாக்கெட் மேல பெருசாவே போட்டிருந்துச்சு.

அடுத்து பாட்டில். ஃபாண்ட்னு ஒண்ணு இருக்கு, டெபாசிட். ஒரு தடவை பயன்படுத்துற பிளாஸ்டிக் பாட்டில், கேனுக்கு 25 சென்ட், திரும்பத் திரும்ப கழுவி நிரப்புற பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், மத்த அந்த மாதிரி பாட்டிலுக்கு பெரும்பாலும் 15 சென்ட். பில்லுல தண்ணி விலையோட இது தனியா ஏறும், முதல்ல பாத்தப்போ நம்மள ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சேன். காலி பாட்டில கடை வாசல்ல இருக்குற மெஷின்ல ஒவ்வொண்ணா போட்டா அது சுத்திச் சுத்திப் பாத்து உள்ள இழுத்துக்கும், கடைசியில ஒரு சீட்டு வரும், அத கவுண்டர்ல குடுத்தா பில்லுல கழிச்சுடுவாங்க. 25 சென்ட் முறை 2003 ஜனவரி 1ல தொடங்கினது, 2022ல ஜூஸ் பாட்டிலெல்லாம் சேந்துச்சு, 2024ல பிளாஸ்டிக் பாட்டில்ல வர்ற பாலும் சேந்துச்சு. பாட்டில நசுக்கக் கூடாது, லேபிள கிழிக்கக் கூடாது, மெஷினுக்கும் படிக்கணும்ல. நான் முதல் மூணு மாசம் நல்லா நசுக்கி, மிதிச்சு, குப்பையில போட்டேன். கணக்குப் போட்டா மனசு கேக்காது, விடுங்க.

ஆனா காசு இல்ல விஷயம். டோர்ட்முண்ட்ல ஃபுட்பால் மேட்ச் நாள்ல ரயில்ல போனா பாக்கலாம், 81,365 பேர் உக்கார்ற, நிக்கிற ஸ்டேடியம், ஊரே மஞ்சளும் கருப்புமா கையில பீர் பாட்டிலோட நடக்கும். அவங்களுக்கு நடுவுல வயசானவங்க சில பேர் பெரிய பைய வச்சுட்டு அமைதியா நடந்துட்டு இருப்பாங்க. குடிச்சு முடிச்சவங்க பாட்டில அவங்க கையில குடுப்பாங்க, இல்லன்னா குப்பைத் தொட்டிக்குள்ள போடாம பக்கத்துல, கீழ, நிமிர்த்தி வச்சுட்டுப் போவாங்க. அவங்க தொட்டிக்குள்ள கைய விட்டுத் துழாவ வேண்டாம்னு தான் அப்படி. பீர் பாட்டில் இருபத்தஞ்சு சேத்தாத்தான் ரெண்டு யூரோ. பணக்கார நாட்டுல வயசான காலத்துல பாட்டில் பொறுக்குற நிலைமை இருக்கேங்கறது எனக்கு இன்னும் ஜீரணிக்க முடியல. வெளிய தண்ணி பாட்டில் வாங்கினா நானும் இப்போ மூடியப் போட்டு தொட்டி பக்கத்துல நிமிர்த்தி வச்சுட்டுத்தான் வர்றேன்.

சூப்பர்மார்க்கெட்டுல கிடைக்காத மீதிக்கு துருக்கிக் கடை. 1961ல ஜெர்மனி துருக்கியோட தொழிலாளர் ஒப்பந்தம் போட்டதுல இருந்து வந்தவங்க குடும்பங்கதான் நிறைய, அதனால எந்த ஊர்லயும் ஒரு துருக்கிக் கடை இருக்கும். சின்ன கத்தரிக்கா, வெண்டைக்கா, கொண்டைக்கடலை, பெரிய டப்பா தயிர், மாதுளை எல்லாம் அங்கதான். பேரு மட்டும் தெரிஞ்சுக்கணும், வெண்டைக்கா பாம்யா, கொண்டைக்கடலை நோஹுத், பருப்பு மெர்ஜிமெக். அங்கதான் எனக்கு ஒரு பெரிய அடி விழுந்துச்சு. ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேரு சாப்பிட வர்றாங்கன்னு ரசம் வச்சேன், கடைசியில கொத்தமல்லிய நறுக்கி மேல தூவி மூடி வச்சேன். திறந்தா புல்லு வாசம். கொத்தமல்லி மாதிரியே இருக்குற பார்ஸ்லி அது, துருக்கியில மாய்தனோஸ், ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல ஒரே மாதிரி கட்டு கட்டி வச்சிருப்பாங்க. அதுல இருந்து கடையில நின்னே ஒரு இலைய கசக்கி மோந்து பாத்துத்தான் எடுக்குறேன். கடைக்கார ஐயா ஒரு நாள் பாத்துட்டு சிரிச்சாரு, அவரே ஒரு இலைய கிள்ளி மோந்துட்டு கிஷ்னிஷ், கிஷ்னிஷ்னு தலையாட்டிக் குடுத்தாரு. அதுதான் கொத்தமல்லி.

அப்புறம் நம்ம தமிழ்க் கடை. மியூனிக்ல இருந்தப்போ எப்பவாவது போவோம், டோர்ட்முண்ட் வந்தப்புறம் வாராவாரம். இலங்கையில இருந்து போர்க்காலத்துல வந்தவங்க நடத்துற கடை. முதல் நாள் உள்ள நுழைஞ்சப்போ, வாங்கோ பிள்ளைன்னு ஒரு குரல் வந்துச்சு பாருங்க, கடைக்குள்ள யாரோ என்னைய பாத்து தமிழ்ல கூப்பிட்டு எவ்ளோ நாளாச்சு. ஆன்ட்டி, ஒரு கிலோ பருப்பு குடுங்கன்னேன். எடுத்து வச்சாங்க, மைசூர் பருப்பு. இல்ல ஆன்ட்டி, சாம்பாருக்குன்னேன். ஓ, நீங்கள் துவரம்பருப்போ கேக்கிறியள், எங்களுக்குப் பருப்பெண்டா இதுதான், அது அங்கால இருக்குன்னாங்க. அவங்க காய்கறிய மரக்கறின்னுவாங்க, எலுமிச்சைய தேசிக்காய்னுவாங்க, உளுந்து பாக்கெட்ல உழுந்துன்னு எழுதியிருக்கும். ஒரே மொழிதான், ஆனா நான் இன்னொரு தடவை சந்தைக்கு வந்த மாதிரி புதுசா கத்துக்கிட்டேன்.

அங்க படிக்க வேண்டியதே இல்ல, கேட்டா போதும். கறிவேப்பிலை வாடியிருக்கேன்னா, இது வேணாம், வெள்ளிக்கிழமை பின்னேரம் வாங்கோ, புதுசு வரும், உங்களுக்கு எடுத்து வைக்கிறன்னு சொல்லுவாங்க, வச்சிருப்பாங்க. குளிர் காலத்துல இட்லி மாவு பொங்கவே மாட்டேங்குதுன்னு பொலம்பினப்போ, அவனுக்கை லைற்ற மட்டும் போட்டுட்டு மாவை உள்ளுக்கை வையுங்கோ பிள்ளைன்னு சொன்னதும் அவங்கதான். அவன்னா ஓவன், அது எனக்குப் புரியவே ரெண்டு செகண்ட் ஆச்சு. ராத்திரி ஓவன் லைட்ட மட்டும் போட்டு உள்ள வச்சேன், காலைல பாத்திரத்து மூடிய தள்ளிட்டு மாவு வெளிய வந்திருந்துச்சு. ஹம் ஊர்ல 2002ல கட்டின காமாட்சி அம்மன் கோயில் இங்க இருந்து பக்கம்தான், தேர்த் திருவிழா வாரத்துல கடையில நிக்க இடம் இருக்காது, தேங்காயும் கற்பூரமும் மூட்டை மூட்டையா போகும், அப்பவும் அந்த ஆன்ட்டி என் கறிவேப்பிலைய மறக்கல.

இதெல்லாம் எழுத உக்காந்ததுக்குக் காரணம் போன வாரம் நடந்தது. வேலை முடிஞ்சு வர்ற வழியில சூப்பர்மார்க்கெட்டுல மீன் ஃப்ரிட்ஜ் முன்னாடி நின்னுட்டிருந்தேன். எண்பது வயசுக்கு மேல இருக்குற ஒரு ஜெர்மன் பாட்டி பக்கத்துல வந்து, கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன், இதுல தேதி என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்து சொல்லுறீங்களான்னு ஒரு பாக்கெட்ட நீட்டினாங்க. சொன்னேன். தேதி மட்டும் போதாது, முன்னாடி என்ன எழுதியிருக்கு, மிண்டெஸ்டென்ஸ் ஹால்ட்பாரா, ட்சு ஃபெர்ப்ராவ்ஹெனான்னு கேட்டாங்க. முதலாவதுன்னா குறைஞ்சது அந்தத் தேதி வரைக்கும் நல்லா இருக்கும்னு அர்த்தம், தாண்டினாலும் திறந்து, மோந்து, ருசிச்சுப் பாத்து சாப்பிடலாம், தயிர், பிஸ்கட்டெல்லாம் அப்படி. ரெண்டாவதுன்னா அந்தத் தேதிக்குள்ள முடிச்சாகணும், தாண்டினா தூக்கிப் போட்டுடணும். இது ரெண்டாவது, நாளைக்கு கடைசி நாள்னு சொன்னேன். அப்போ வேண்டாம், நான் வெள்ளிக்கிழமை தான் சமைப்பேன்னு உள்ள வச்சுட்டு, பின் வரிசையில இருந்து இன்னொண்ண எடுத்து நீட்டினாங்க. அது வியாழன் வரைக்கும். அவங்க கை எட்டாத பின் மூலையில ஒண்ணு இருந்துச்சு, குனிஞ்சு நானே எடுத்து, பொடி எழுத்த வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடிச்சுப் படிச்சேன். சனிக்கிழமை வரைக்கும்னு சொன்னதும் வாங்கி கூடையில போட்டுட்டு, அப்படியே என் கையப் பிடிச்சு, எலுமிச்சை எந்தப் பக்கம்மான்னு கேட்டாங்க. கூட்டிட்டுப் போனேன்.